அழகுக்கலை: படித்துவிட்டு வேலைக்குப் போவதா, வேலையில் சேர்ந்து பழகுவதா?

#1 கயல்_புதுசு

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பியூட்டி தெரபிதான் என் தொழில் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை, எந்த வழியில் போவது என்பதில்தான் குழப்பம். ஒரு சலூனில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இரண்டு வருடம், கையில் சின்னச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் பயிற்சி நிலையத்தில் வகுப்பு, முடிவில் சான்றிதழ். அப்பாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. முதலில் ஒரு டிகிரி, மற்றதெல்லாம் பிறகு என்கிறார். அத்தையோ, கட்டணம் கட்டி ஆறு மாத டிப்ளமோ படித்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்கிறார்.

எனக்கு மேக்கப்பைவிட சருமப் பராமரிப்பில்தான் ஆர்வம். அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்களுக்கு உண்மையில் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறார்களா, இல்லை எடுபிடி வேலையோடு முடிந்துவிடுகிறதா? இந்த வழியில் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சீண்டல்_மன்னன்

இரண்டு வருடம் டவல் துவைக்கப் போகிறீர்கள். வாழ்த்துகள்.

#3 நூலிழை

மேலே உள்ளவர் கிண்டல் செய்கிறார், ஆனால் அப்படி நடக்கிற இடங்களும் இருக்கின்றன. அதனால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாதே கயல்.

நான் அப்ரண்டிஸாகத் தொடங்கியவள். இந்த வழியின் பெரிய லாபம் சம்பளம் இல்லை, சான்றிதழும் இல்லை. எத்தனை விதமான சருமம் உன் கைக்கு வருகிறது என்பதுதான். வேக்சிங்கையே எடுத்துக்கொள். முடி வளரும் திசையில் மெழுகைத் தடவ வேண்டும், எதிர்த்திசையில் இழுக்க வேண்டும், இழுக்கும்போது ஸ்ட்ரிப் மேலே எழும்பாமல் தோலை ஒட்டியே வர வேண்டும், மற்ற கையால் தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் ஒரு பத்தியில் எழுதிவிடலாம். ஆனால் அக்குளில் முடி ஒரே திசையிலா வளர்கிறது? ஒருவருக்கு மேலே பாதி ஒரு பக்கம், கீழே பாதி வேறு பக்கம். இன்னொருவருக்கு நடுவில் சுழி மாதிரி. பார்த்தவுடன் எத்தனை பகுதியாகப் பிரிப்பது என்று தெரிய வேண்டும். முடி ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருந்தால்தான் மெழுகு பிடிக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் "இன்னும் ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லத் தெரிய வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்குத் தைரியம் வேண்டும், அது பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நிற்கும்போதுதான் வரும்.

ஆகவே சேர்வதற்கு முன் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. "எனக்குச் சொல்லித்தரப் போவது யார்?" என்று கேள். பெயர் சொல்லி ஒருவரைக் காட்டச் சொல். "நாங்கள் எல்லோரும்தான்" என்று பதில் வந்தால், யாருமில்லை என்று எடுத்துக்கொள்.

#4 கடைக்காரி

நான் சலூன் நடத்துகிறேன். அப்ரண்டிஸ்களை எடுத்திருக்கிறேன், அனுப்பியும் இருக்கிறேன். அதனால் எதிர்த்தரப்பின் பேச்சையும் கொஞ்சம் கேளுங்கள்.

டவல் துவைப்பதைக் கேலி செய்கிறவர்களுக்கு இந்தத் தொழிலின் அடிப்படை தெரியவில்லை. ஒருவர் உடம்பில் பட்ட பொருள் இன்னொருவர் உடம்பில் எப்படிப் படக்கூடாது என்பதுதான் இங்கே முதல் பாடம். ட்வீசரைக் கிருமிநாசினியில் போட்டு எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெயும் தோல் துணுக்கும் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அடியில் இருப்பதைத் தொடவே தொடாது. ஆட்டோகிளேவ், அதாவது நீராவியால் கிருமி நீக்குகிற கருவி என்றால் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். நீல விளக்கு எரிகிறதே ஒரு பெட்டி, அது சுத்தம் செய்த கருவியை எடுத்து வைக்கும் இடம். அதற்குள் வைத்ததாலேயே எதுவும் கிருமி நீங்கிப் போவதில்லை. ஒரு முறை தோலில் பட்ட ஸ்பேச்சுலா, அதாவது மெழுகு தடவும் குச்சி, மறுபடி மெழுகுப் பானைக்குள் போகக்கூடாது. இதெல்லாம் கையில் ஊறுவதற்கு முன் யாரையும் வாடிக்கையாளர் பக்கத்தில் விட மாட்டேன்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் சில வாரங்களில் முடிய வேண்டிய பாடம். மூன்று மாதம் கழித்தும் ஒரு பெண் துடைத்துக்கொண்டும் டிராலி தள்ளிக்கொண்டும் மட்டுமே இருந்தால், அது பயிற்சியே இல்லை. குறைந்த கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் சக கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

#5 வெளியேறியவள்

நான் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். கடையின் பெயர் வேண்டாம்.

என்னை யாரும் டவல் துவைக்க வைக்கவில்லை. என் கதை வேறு. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே த்ரெடிங் எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. வேகமாகவும் செய்தேன். அவ்வளவுதான், காலையிலிருந்து மாலை வரை நூலும் புருவமும்தான். ஃபேஷியல் அறைக்குள் போனால், "வெளியே ரெண்டு பேர் காத்திருக்கிறார்கள், நீ அதைப் பார்" என்று அனுப்பிவிடுவார்கள். பாராட்டுகிற மாதிரியே இருந்ததால் இது பிரச்சினை என்று உறைக்கவே நாளாயிற்று. மதிப்பீடு செய்ய வந்தவர், செய்த வேலைகளை எழுதி வைக்கும் என் பயிற்சிப் பதிவேட்டைத் திறந்தார். கால் மசாஜ், பெடிக்யூர், சரும ஆய்வு எல்லாம் காலி. புருவம் மட்டும் பக்கம் பக்கமாக. ஒரே வேலையை எத்தனை முறை செய்தாலும் தகுதிக்கு அது ஒரு வரிதான்.

எனவே கயல், எடுபிடி வேலையைவிட இதற்குப் பயப்படு. எதில் நீ கெட்டியோ அதிலேயே உன்னை உட்கார வைத்துவிடுவார்கள்.

#6 நூலிழை

#5 சொன்னது பொன்னான பேச்சு. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பதிவேட்டை நீயே வைத்துக்கொள். யாருக்கு என்ன செய்தாய், சருமம் எப்படி இருந்தது, என்ன பொருள், என்ன விளைவு, யார் மேற்பார்வை என்று அன்றன்றைக்கே எழுதி, கையெழுத்தும் அன்றே வாங்கிவிடு. மாதக் கடைசியில் வாங்கலாம் என்று விட்டால் அவர் விடுமுறையில் இருப்பார், அல்லது வேலையை விட்டே போயிருப்பார். வாடிக்கையாளரின் முழுப்பெயரை உன் சொந்த நோட்டில் எழுதாதே.

#7 கயல்_புதுசு

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக வெளியேறியவள் அக்காவுக்கு. இன்று ஒப்பந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று இடங்களில் எனக்கு இடறுகிறது. ஒன்று, "நிர்வாகம் சொல்லும் பிற பணிகள்" என்று பொதுவாக ஒரு வரி. இரண்டு, பயிற்சி நிலைய நாள் "கடையின் வேலைப்பளுவைப் பொறுத்து" என்று இருக்கிறது. மூன்று, பாதியில் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் வழக்கமானதுதானா?

#8 கடைக்காரி

முதல் வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும், விட்டுவிடு. இரண்டாவது வரியில் கையெழுத்துப் போடாதே. கடையில் வேலைப்பளு இல்லாத நாள் என்று ஒன்று வருமா? வந்தால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். வகுப்பு நாள் எது என்று கிழமை போட்டு எழுத வேண்டும். அன்றைக்கும் சம்பளம் உண்டா என்பதையும் எழுத வேண்டும்.

முறையான தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) ஏற்பாடு என்றால் பல நாடுகளில் அதற்குச் சட்டமும் பதிவும் உண்டு. வேலை கொடுப்பவர், பழகுநர், பயிற்சி தருகிற நிலையம் என்று மூன்று தரப்புக்கும் அதில் பொறுப்பு இருக்கும். உன் தாளில் நிலையத்தின் பெயரே இல்லையென்றால், அந்த நிலையத்துக்கே நேராகப் போய், "இந்தக் கடையோடு உங்களுக்கு ஏற்பாடு இருக்கிறதா?" என்று கேட்டுவிடு. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சான்றிதழை வழங்குவது யார், அது வேறு ஊரில், வேறு நாட்டில் செல்லுமா என்பதையும் அங்கேயே கேள். கடை தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருகிற சான்றிதழ் அந்தக் கடையின் சுவருக்கு மட்டும்தான் அழகு.

மூன்றாவது விஷயம், செலவைத் திருப்பிக் கேட்பது. கடைக்காரியாக அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஒருத்தியை ஆளாக்கி முடிக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டுக்கொண்டு போவார். ஆனால் "முழுவதையும்" என்பது அநியாயம். மாதம் போகப் போகத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். அந்தச் செலவு என்னென்ன என்று பட்டியலும் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்பது இன்னும் நல்லது.

#9 டிப்ளமோ_ராணி

அத்தை கட்சிக்கும் ஒரு ஓட்டு விழட்டும் என்று வந்தேன்.

நான் கட்டணம் கட்டிப் படித்தவள். மின்கருவிகளை எங்களுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கால்வானிக் என்கிற ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தில் எந்த முனை எதைச் செய்கிறது, ஹை ஃப்ரீக்வென்சி கருவி ஏன் சருமத்தில் அப்படிச் சடசடக்கிறது, பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் கர்ப்பிணிக்கும் ஏன் கூடாது, இதெல்லாம் கரும்பலகை போட்டு, கேள்வி கேட்டு, திரும்பக் கேட்டுக் கற்றுக்கொண்டது. சலூனில் யாருக்கு அவ்வளவு நேரம்? கருவியின் பொத்தானை எங்கே அழுத்துவது என்று காட்டுவார்கள், அதோடு சரி.

சர்வதேசத் தகுதி என்று பார்த்தால் சிடெஸ்கோ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. 1946-ல் பெல்ஜியத்தில் தொடங்கியது அது. கப்பலிலோ பெரிய ஸ்பாவிலோ வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த மாதிரித் தகுதிக்கு மதிப்பு உண்டு, அப்ரண்டிஸ் முடித்தவர்களும் பிறகு எழுதலாம்.

குறையையும் சொல்கிறேன். வகுப்பில் நாங்கள் ஒருவருக்கொருவர்தான் செய்து பழகினோம். எல்லோருக்கும் ஒரே வயது. வேலைக்குப் போனதும் முதலில் வந்து படுத்தவர் ஒரு பாட்டி. தோல் காகிதம் மாதிரி மெல்லிசு, மோவாயில் மட்டும் முடி கம்பி மாதிரி. எனக்கு அதுவரை அப்படி ஒரு சருமத்தைத் தொட்ட அனுபவமே கிடையாது.

#10 சீண்டல்_மன்னன்

ஆறு மாதத்தில் நிபுணர், இரண்டு வருடத்தில் எடுபிடி. நல்ல தேர்வுதான் கொடுத்திருக்கிறார்கள் உங்களுக்கு.

#11 தோல்_சிகிச்சைப்_பிரிவு

நான் செவிலியர், தோல் மருத்துவப் பிரிவில் வேலை. சலூனுக்குப் போய்விட்டு எங்களிடம் வருகிறவர்களைப் பார்ப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த வழியில் சேர்ந்தாலும் சரி, ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள்: யாருக்குச் செய்யக்கூடாது என்பது.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேக்சிங் கூடாது. நிறுத்திய பிறகும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது வழக்கம். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) களிம்பு பூசுகிறவருக்கு அந்த இடத்தில் மெழுகோடு சேர்ந்து மேல்தோலும் உரிந்து வரலாம். ஸ்டீராய்டு கலந்த வெண்மைக் கிரீம்களை நெடுநாள் பூசியவர்களின் தோல் மெலிந்துபோயிருக்கும், அங்கேயும் இதே ஆபத்து. "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கிரீமை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. "முகத்துக்கு என்னென்ன பூசுகிறீர்கள், ராத்திரி என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

உதட்டோரம் கொப்புளம் இருந்தால் ஃபேஷியல் தள்ளிப்போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக, தொட்டால் வலியாக இருந்தால் மசாஜ் வேண்டவே வேண்டாம், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், ஆகவே தண்ணீரின் சூட்டை அவரிடம் கேட்காதீர்கள், நீங்களே கை விட்டுப் பாருங்கள். பிளேடால் தோல் சுரண்டுவதும் வேண்டாம்.

அப்புறம், நம் போன்ற கருநிறச் சருமம். பாடப் புத்தகத்தில் "சிவந்தால் நிறுத்து" என்று இருக்கும், படமும் வெளுத்த தோலாக இருக்கும். நம் தோலில் சிவப்பு அப்படித் தெரியாது. ஊதா கலந்தோ, இன்னும் கறுத்தோதான் தெரியும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், எரிகிறதா என்று கேளுங்கள். நம் தோலில் சின்ன எரிச்சல் ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சருமத்தை ஆறு வகையாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலைப் படிப்பீர்கள். 1975-ல் புற ஊதா ஒளிச் சிகிச்சைக்கு அளவு தீர்மானிக்க வந்தது, முதலில் வெளிர் தோல்களுக்குத்தான். கரிய வகைகள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. லேசர் முடி நீக்கத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் தீப்புண்ணே ஏற்படும், தோலிலுள்ள மெலனின் என்ற நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்.

#12 பழைய_கை

மேலே அம்மா எழுதியதைப் படித்தால் யாரும் யாரையும் தொடவே கூடாது போலிருக்கிறது. நான் இந்தத் தொழிலில் ஊறியவன். வருகிறவரிடம் மருத்துவர் மாதிரிக் கேள்வி கேட்டால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இமைக்கும் புருவத்துக்கும் சாயம் போட "48 மணி நேரம் முன்னால் வாருங்கள், பேட்ச் டெஸ்ட், அதாவது தோலில் துளி வைத்து ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றால் சிரிக்கிறார்கள். புதுப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள்.

#13 தோல்_சிகிச்சைப்_பிரிவு

ஐயா, பயமுறுத்த எழுதவில்லை. பல அடர் சாயங்களில் பிபிடி என்ற பொருள் இருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவருக்கு இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். பல தடவை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு நாள் ஆகலாம், ஒவ்வாமை அப்படித்தான் உருவாகிறது. உங்களிடம் இதுவரை யாரும் வந்து புகார் சொல்லவில்லை என்றால், அவர்கள் நேராக எங்களிடம் வந்திருக்கலாம்.

#14 கடைக்காரி

பழைய_கை, பக்கத்துக் கடைக்குப் போகிறவர் போகட்டும். முன்பதிவு செய்ய போன் வரும்போதே, "ரெண்டு நாள் முன்னால் அஞ்சு நிமிஷம் வந்து போங்கள், காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அனுப்புகிறோம்" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் வந்துவிடுகிறார்கள். சொல்கிற விதத்தில் இருக்கிறது. இன்றே வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குச் சாயம் இல்லாமல் வடிவம் மட்டும் செய்து அனுப்புகிறேன். அவரும் பணம் கொடுக்காமல் போவதில்லை.

#15 பழைய_கை

காதுக்குப் பின்னால் புள்ளி, நல்ல யோசனைதான். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

#16 கார்முகில்

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஆண். எனக்கும் இதே ஆசை. ஆண்களை அப்ரண்டிஸாக எடுப்பார்களா? வீட்டில் முடிவெட்டும் தொழிலாவது பழகு என்கிறார்கள்.

#17 நூலிழை

எடுக்கிறார்கள் தம்பி, ஆனால் குறைவு. நேர்முகத்திலேயே இரண்டு விஷயம் கேட்டுவிடு. ஆண் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? பயிற்சிக்கு மாடல் ஏற்பாடு செய்து தருவார்களா, நீயே கூட்டிவர வேண்டுமா? முகம், கை, கால், நகம், முதுகு என்று நிறையப் பகுதிகளில் பெண்களும் தயங்காமல் வருவார்கள். எதைச் செய்யப் போகிறாய், எங்கே தொடப் போகிறாய் என்று ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் சொல்லிவிட்டுச் செய். இதைப் பெண்களும்தான் செய்ய வேண்டும், பலர் செய்வதில்லை. விளையாட்டு மசாஜ் பக்கம் போனால் உனக்கு வேலைவாய்ப்பு இன்னும் அகலமாக இருக்கும்.

#18 நகக்கண்

உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் வருடத்தில் பலர் விலகுவது வேலை பிடிக்காமல் என்று நினைக்கிறீர்களா? கட்டைவிரல் அடிப்பக்கம், மணிக்கட்டு, இடுப்பு. மசாஜில் கட்டைவிரலை வைத்து அழுத்தியே பழகினால் சீக்கிரம் கை போய்விடும். உடம்பின் எடையைச் சாய்த்து, உள்ளங்கையும் முன்கையும் கொண்டு அழுத்தப் பழக வேண்டும். படுக்கையின் உயரத்தை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள். மாற்ற முடியாத படுக்கை வைத்திருக்கிற கடையில் உயரமானவர்கள் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

நகம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. ஜெல் பாலிஷில் உள்ள அக்ரிலேட் வகைப் பொருள்கள், முக்கியமாக ஹீமா, இறுகாத நிலையில் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையைக் கொண்டுவரும். ஒரு முறை வந்தால் ஆயுசுக்கும் போகாது. பிறகு பல் அடைப்பது, எலும்பு அறுவையில் சேர்க்கும் சிமெண்ட் வரைக்கும் பிரச்சினை வரலாம். ஒரு கம்பெனி ஜெல்லை, அதை இறுக வைக்கிற வேறு கம்பெனி விளக்கில் வைத்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுகாமல் இருக்கலாம். சாதாரணக் கையுறை வழியாகக்கூட அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையில் பட்டால் கையுறையை உடனே மாற்றுங்கள். தோலில் வழியாமல் போடுவதுதான் முதல் பாதுகாப்பு. அப்ரண்டிஸ்கள்தான் நாள் முழுக்க நக மேசையில் உட்காருகிறவர்கள் என்பதால் சொல்கிறேன்.

#19 வெளியேறியவள்

விற்பனை இலக்கு பற்றியும் கேட்டுவிடு கயல். சில இடங்களில் பழகுநருக்கும் மாதம் இத்தனை கிரீம் விற்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சருமம் உள்ளவருக்கு உள்ளே நீர் வறண்டிருக்கலாம். அவருக்கு ஈரப்பதம்தான் தேவை. ஆனால் அலமாரியில் தேங்கியிருப்பது எண்ணெய் எடுக்கிற ஃபேஸ்வாஷ். சருமத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிற வயதில், அலமாரியைப் பார்த்துச் சருமத்தைப் படிக்கிற பழக்கம் வந்துவிடும்.

#20 கயல்_புதுசு

இரண்டு நாள் சோதனையாக வரச் சொன்னார்கள், போய்விட்டு வந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

சொல்லித்தரப் போவது யார் என்று கேட்டதும் ஒரு மூத்த அக்காவைக் காட்டினார்கள். கொஞ்சம் கடுகடுப்பு. ஆனால் பெரிதாக்கிக் காட்டும் லூப் விளக்கில் ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தைக் காட்டி, "என்ன தெரிகிறது, சொல்" என்று என்னையே கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். பாதி சரி என்றார், மீதிப் பாதியை விளக்கினார். மெழுகுப் பானையில் ஸ்பேச்சுலாவைத் திரும்ப யாரும் விடவில்லை, கவனித்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு வருடம் முடித்த பழகுநர் ஒருத்தி இருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். ஃபேஷியல், பெடிக்யூர், வேக்சிங் எல்லாம் கலந்து இருந்தது, மசாஜ் மட்டும் குறைவு.

பயிற்சி நிலையத்தில் கேட்டேன், ஏற்பாடு உண்மைதான் என்றார்கள். வகுப்பு நாளைக் கிழமை போட்டு எழுதச் சம்மதித்துவிட்டார்கள், சம்பளத்தோடு. விலகினால் திருப்பித் தரும் தொகை விஷயத்தில் மட்டும் இறங்கி வரவில்லை. "எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்" என்கிறார்கள். அப்பா தாளைப் படித்துவிட்டு, அந்த ஒரு வரியைக் காட்டி வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

#21 வெளியேறியவள்

அப்பா சொல்வது சரி. நான் வெளியே வந்தபோது அப்படி ஒரு வரி என் தாளில் இருந்திருந்தால் இன்னும் அங்கேயே புருவம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

#22 நூலிழை

எனக்கு இதில் வேறு கருத்து. "என்ன தெரிகிறது, சொல்" என்று கேட்கிற ஒருவர் கிடைப்பது அபூர்வம். கடுகடுப்பு இருந்தால் இருக்கட்டும். அந்த ஒருவருக்காகவே நான் சேர்ந்துவிடுவேன். தொகையைக் குறைக்க மாட்டார்கள் என்றால், நிபந்தனையை மாற்றிக் கேட்டுப் பார். கடை தன் பங்கைச் செய்யாவிட்டால், அதாவது வகுப்புக்கு அனுப்பாவிட்டாலோ பதிவேட்டில் உள்ள எல்லாப் பிரிவுகளிலும் வாய்ப்புத் தராவிட்டாலோ, அந்த வரி செல்லாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல். நியாயமான கடைக்கு இதில் நஷ்டம் இல்லை. அந்த மூத்த அக்கா வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்.

#23 கடைக்காரி

நூலிழை சொன்ன வரியை என்னிடம் யாராவது கேட்டிருந்தால் முதலில் முறைத்திருப்பேன், பிறகு கையெழுத்துப் போட்டிருப்பேன். கேள். மறுத்தால் அப்பா பக்கம் நான்.

#24 கயல்_புதுசு

கேட்டேன். அந்த வரியைச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் "எல்லாப் பிரிவுகளிலும்" என்பதற்குப் பதில் பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்தைத் தாளோடு இணைப்பதாகச் சொல்கிறார்கள். மூத்த அக்கா விலகினால் அதே தகுதி உள்ள வேறொருவரைப் போடுவோம் என்று வாயால் சொன்னார்கள், எழுதவில்லை. அப்பா பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். எலும்பு, தசை, இரத்த ஓட்டம் எல்லாம் இருப்பதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு படிக்க வேண்டுமா?" என்று என்னையே கேட்டார். இந்த வாரம் முடிவு சொல்லிவிடுவார்.

#25 கடைக்காரி

இணைப்பது இன்னும் நல்லது, பிற்பாடு வாதம் செய்ய இடமிருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாயால் சொன்னதை, "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு செய்தியாக அவர்களுக்கே அனுப்பி வை. மறுக்காமல் பதில் வந்தால் அதை அழித்துவிடாதே.

#26 கார்முகில்

நூலிழை அக்கா, நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியையும் ஒரு இடத்தில் கேட்டேன். மாடலை நானே கூட்டிவர வேண்டுமாம். என் அண்ணன்கள் மூன்று பேரும் முதுகு வேக்சிங்குக்குத் தயார் என்கிறார்கள், வலிக்குமா என்று மட்டும் யாரும் இன்னும் கேட்கவில்லை.